எது முதலில்?

ஒரு சிற்றூர். முந்நூறு வீடுகள். தொடக்கப் பள்ளி ஒன்று, அங்கன்வாடி ஒன்று, நியாயவிலைக் கடை ஒன்று, தூண்களின் மேல் நிற்கும் நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று. பெயர் வேண்டா. இந்தியாவின் எம்மாநிலத்தில் தேடினாலும் இப்படி ஓர் ஊர் கிடைக்கும்.

அவ்வூரில் இவ்வாண்டு ஆறு வேலைகள் காத்திருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் அடிக்கடி பழுதாகிறது. ஆகையால் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் நீர் வருகிறது. பள்ளிக் கழிப்பறைக்குக் கதவும் இல்லை, நீரும் இல்லை. சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை மழையில் அரித்துப் போயிற்று. பதினான்கு தெருவிளக்குகள் எரியவில்லை. பெரிய தெருவுக்குச் சிமெண்டுச் சாலை வேண்டும். ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு ஒன்று கட்ட வேண்டும் என்பது வெளியூரில் வேலை செய்யும் இளைஞர் சிலரின் விருப்பம். இவை ஆறையும் முடிக்க 24 இலட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊராட்சியின் கையில் இருப்பதோ 8 இலட்சம்.

எதை முதலில் செய்வது?

குழாயின் கடைக்கோடியில் வீடுள்ள பெண், மோட்டார் என்பார். நீர் வராத நாள்களில் குடத்துடன் நடப்பவர் அவரே. ஐந்தாம் வகுப்பில் மகள் படிக்கும் தாய், கழிப்பறை என்பார். பெரிய தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், சாலை என்பார். இரவுப் பணி முடிந்து மிதிவண்டியில் திரும்புபவர், விளக்கு என்பார். சென்ற மழைக்காலத்தில் தந்தையின் பாடையைச் சேற்றில் சுமந்து சென்றவர் என்ன சொல்வார் என்பதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வளைவு கேட்பவரை மட்டும் சிலர் எள்ளக்கூடும். ஆனால், தம் ஊருக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்று எண்ணுவது, ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு இயல்பே.

வேண்டாத வேலையைத் தள்ளிவைப்பதில் கடினம் ஏதுமில்லை. வேண்டிய வேலைகள் ஆறு இருக்கும்போது, அவற்றுள் சிலவற்றை "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று அவற்றைக் கேட்டவரின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் கடினம். அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

முடிவு செய்வோர்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 40-ஆம் உறுப்பு, ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்குத் தன்னாட்சி அமைப்புகளாக இயங்கும் அதிகாரம் அளிக்க வேண்டும் என்று அரசுக்கு வழிகாட்டியது. 1959 அக்டோபர் 2-ஆம் நாள், இராஜஸ்தானத்தின் நாகௌரில் பிரதமர் ஜவகர்லால் நேரு பஞ்சாயத்து ஆட்சி முறையைத் தொடங்கி வைத்தார். ஆயினும் அதன்பின் பல மாநிலங்களில் ஊராட்சித் தேர்தல்கள் ஒழுங்காக நடைபெறவில்லை. தேர்தல் நடவாத ஊரில், எந்தக் கிணறு, எந்தச் சாலை என்பதை அலுவலர்களே முடிவு செய்தனர். அவர்களுள் நல்லவர் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் அவ்வூரின் குழாயில் நீர் பிடித்தவர்கள் அல்லர்.

இந்நிலையை மாற்றியது அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆம் திருத்தம். 1993 ஏப்ரல் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளையே இன்று தேசிய ஊராட்சி நாளாகக் கொண்டாடுகிறோம். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்றும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்கள் பின்னர் அப்பங்கைப் பாதியாக உயர்த்தின. குடிநீர், சாலை, கால்நடை, எரிபொருள், தீவனம், நூலகம், துப்புரவு என ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணை பட்டியலிடுகிறது. அவற்றுள் எவற்றை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநில அரசின் கையில் உள்ளது. ஆகையால் ஒரு மாநிலத்து ஊராட்சிக்குள்ள வலிமை மற்றொன்றில் இருப்பதில்லை.

ஊராட்சியின் தலைவரை அழைக்கும் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவர். மகாராஷ்டிரம், குஜராத், பஞ்சாப், இராஜஸ்தான் ஆகிய இடங்களில் சர்பஞ்ச். உத்தரப் பிரதேசத்தில் பிரதான். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் முகியா. பெயர் எதுவாயினும் அவர் தனியே முடிவெடுப்பவர் அல்லர். வார்டு உறுப்பினர்கள் கூடியது ஊராட்சி மன்றம். அதற்கு அப்பால் ஒன்று உண்டு. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்தது கிராம சபை. மன்றம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கூட்டம். சபை என்பது தேர்ந்தெடுத்தோரின் கூட்டம். ஆலமரத்தடியிலோ, பள்ளி வளாகத்திலோ, சமுதாயக் கூடத்திலோ அது கூடுகிறது. தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் அது கூடுவது நெடுநாள் வழக்கம். 2022-ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் நாளும் (மார்ச் 22) உள்ளாட்சி நாளும் (நவம்பர் 1) சேர்ந்துகொண்டன.

அங்கு வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும். செய்ய வேண்டிய வேலைகள் முன்வைக்கப்படும். தீர்மானம் எழுதப்படும். ஏட்டில் இப்படி. நடைமுறையில், முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தோர் பேசி முடிக்கும்வரை பின்னால் தரையில் அமர்ந்த பெண்கள் வாய் திறவாமல் இருந்துவிடும் ஊர்களும் உண்டு. அத்தகைய ஊரில் சாலை முதலிலும் குழாய் கடைசியிலும் வந்தால் வியப்பதற்கில்லை.

பணத்துக்கும் ஒரு சொல் உண்டு. வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை ஊராட்சியின் சொந்த வருவாய். சிற்றூரில் அது சிறிதே. பெரும்பகுதி ஒன்றிய, மாநில அரசுகளிடமிருந்து வருகிறது. 2021-26 காலத்துக்குப் பதினைந்தாம் நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவு ஆகிய இரண்டுக்கே செலவிட வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் ஊர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடிந்தது. அதிலும் ஊதியம் வழங்க இயலவில்லை. வரவேற்பு வளைவுக்காரர் இதை அறிந்தால் வருந்துவார்.

நீரைக் கணக்கிட்ட ஊர்

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டம் உள்ளது; இப்போது அதன் பெயர் அகல்யாநகர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த மாவட்டம் அது. அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றன. கிழக்கே இருக்கும் ஊர்களுக்குக் கிடைப்பது மிச்சம். அங்கு ஹிவரே பஜார் என்னும் சிற்றூருக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். சென்னை நகருக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

1972-இல் மகாராஷ்டிரத்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. ஹிவரே பஜாரின் கிணறுகள் வற்றின. சுற்றியிருந்த குன்றுகளின் மரங்கள் விறகாக வெட்டப்பட்டன. மரம் போனதும் மண் போயிற்று. மண் போனதும் மழைநீர் நில்லாமல் ஓடியது. வேலை தேடி மக்கள் புணேவுக்கும் மும்பைக்கும் சென்றனர். எஞ்சியோரிடையே குடியும் சண்டையும் பெருகின. அவ்வூருக்கு மாற்றப்படுவதைத் தண்டனையாகக் கருதிய அலுவலர்கள் உண்டு என்று கூறுவர்.

1989-இல் ஊர் இளைஞர்கள், முதுகலை படித்து முடித்திருந்த போபட்ராவ் பவார் என்பவரைச் சர்பஞ்ச் ஆகும்படி வற்புறுத்தினர். அவர் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். நகரத்துக்குச் சென்று வேலையில் அமர்வார் என்றே வீட்டார் எதிர்பார்த்தனர். அவர் ஊரிலேயே தங்கிவிட்டார்.

அவ்வூரின் முன்னும் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. சாலை இல்லை, பள்ளி சீர்கெட்டிருந்தது, வேலை இல்லை, நீர் இல்லை. கிராம சபை கூடி ஆராய்ந்தபோது, பட்டியலின் பிற குறைகளுள் பலவும் நீரில்லாக் குறையிலிருந்தே கிளைத்தவை என்பது புலப்பட்டது. நீர் இல்லாததால் பயிர் இல்லை. பயிர் இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் ஊர் காலியாகிறது. ஆகவே நீர் முதலில்.

இதைச் சொல்வது எளிது. நீர் முதலில் என்றால், பிற எல்லாம் காத்திருக்க வேண்டும். அதுமட்டுமன்று, நீரைக் காக்கச் சிலவற்றைக் கைவிடவும் வேண்டும். குன்றுகளில் கால்நடைகளைத் தடையின்றி மேய விடுவதில்லை, மரம் வெட்டுவதில்லை, மது விற்பதில்லை, பொதுவேலைக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஊதியமின்றி உழைப்பு நல்குவது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை, மிகுந்த நீரை உறிஞ்சும் கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை. இவ்வாறு ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். அதே மாவட்டத்து ராலேகண் சித்தியில் முன்பே இவற்றுட் சில நடைமுறையில் இருந்தன. அவ்வூரைப் பின்பற்றி மாநில அரசு 'ஆதர்ஷ் காவ்' எனப்படும் முன்மாதிரிச் சிற்றூர்த் திட்டத்தை வகுத்தபோது, ஹிவரே பஜாரும் அதில் சேர்ந்தது.

பின்னர் வேலை தொடங்கியது. குன்றின் சரிவில், ஒரே உயரத்தில் குறுக்காகச் செல்லும் நீள்குழிகளைத் தோண்டினர். இவற்றுக்குச் சமமட்ட வாய்க்கால் என்று பெயர். ஓடிவரும் மழைநீர் குழியில் தங்கும். தங்கிய நீர் மெல்லக் கீழிறங்கும். கீழிறங்கிய நீர் அடிவாரத்துக் கிணறுகளில் ஊறும். ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகளும் கசிவுக் குளங்களும் எழுந்தன. கூலிக்கான பணம் பெரும்பாலும் மாநிலத்தின் வேலை உறுதித் திட்டத்திலிருந்து வந்தது. 1972 பஞ்சத்தின்போது மகாராஷ்டிரம் தொடங்கிய திட்டம் அது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. எங்கோ கல் உடைக்கவும், யாருக்கும் பயன்படாச் சாலைக்கு மண் கொட்டவும் செலவாகியிருக்கக்கூடிய கூலி, இங்குத் தம் ஊர்க் குன்றிலேயே குழியாகவும் கரையாகவும் நின்றது.

சில ஆண்டுகளில் கிணறுகளில் நீர் மட்டம் உயர்ந்தது. குன்றில் புல் வளர்ந்தது. அதை அறுத்துத் தீவனமாகப் போட்டதால் பால் உற்பத்தி பல மடங்கு பெருகிற்று. 1995-இல் ஏறத்தாழ 180 குடும்பங்களுள் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தன. 2010 அளவில் அவ்வாறு எஞ்சியவை மூன்றே. புணேவுக்கும் மும்பைக்கும் சென்றிருந்த குடும்பங்களுள் பல திரும்பி வந்து மீண்டும் நிலத்தை உழுதன. நகரத்துக்குப் போனவர் திரும்பி வருவது இந்தியச் சிற்றூர்களில் அரிதாக நிகழும் செய்தி.

ஆயினும் அவ்வூரில் மிகவும் கற்கத்தக்கது குழி தோண்டியது அன்று, கணக்கு எழுதியது. 2004 முதல் ஊரார் நீருக்கென ஓர் ஆண்டுக் கணக்கைப் பேணி வருகின்றனர். ஊரில் மழைமானிகள் உள்ளன. மழைக்காலம் முடிந்ததும், பெய்த மழை எவ்வளவு, கிணறுகளில் நீர் எவ்வளவு என்பன அளக்கப்படுகின்றன. அவ்வாண்டுக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவு கிராம சபையில் அறிவிக்கப்படுகிறது. அதிலிருந்து மக்களும் கால்நடைகளும் குடிப்பதற்கான நீர் முதலில் ஒதுக்கப்படுகிறது. பின்னர் வீட்டுப் பிற தேவைகள். எஞ்சியது எவ்வளவோ, அதற்கேற்பவே பயிர். மழை நன்கு பெய்த ஆண்டில் கோதுமையும் காய்கறியும் விரிவாக விதைக்கலாம். மழை பொய்த்த ஆண்டில் பரப்பைக் குறைத்து, சிறிது நீரில் விளையும் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிணறு என் நிலத்தில் இருக்கிறது, நீர் என்னுடையது என்று எவரும் சொல்வதில்லை. நிலத்தடி நீர் வேலி பார்த்து நிற்பதில்லை அன்றோ!

2020-இல் போபட்ராவ் பவாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வூரைப் புகழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த முன்னுரிமைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. குன்றில் மேய்ச்சலைத் தடுத்தால், பத்து ஏக்கர் நிலமுள்ளவர் தம் வயலின் வைக்கோலை மாட்டுக்குப் போடுவார். நிலமே இல்லாமல் நான்கு ஆடுகளை நம்பி வாழ்பவர் என்ன செய்வார்? கிணற்றில் நீர் உயர்வதால் முதலில் பயன் அடைபவர் கிணறு உள்ளவரே. ஆகையால், ஓர் ஊர் இத்தகைய விதியை எழுதும்போது, அவ்விதியால் முதலில் இழப்பவர் அக்கூட்டத்தில் இருந்தாரா, பேசினாரா என்பதைக் கேட்பது முறை. புல் அறுக்கும் உரிமை, கூலி வேலை, பால் மாடு வாங்கக் கடன் என ஏதேனும் ஒன்று அவருக்குக் கிடைக்காவிடில், அந்த விதி நெடுநாள் நிலைக்காது.

மின்கட்டணத்தை வென்ற ஊர்

பொதுவசதி என்றதும் புதிய கட்டடமே பலர் நினைவுக்கு வரும். தொட்டியைக் கட்டித் திறப்பு விழா நடத்திவிடலாம். ஆனால் அத்தொட்டிக்கு நாள்தோறும் நீர் ஏற்ற மின்சாரம் வேண்டும். மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும். தொட்டியைக் கழுவ ஆள் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். இச்செலவுகளுக்குத் திறப்பு விழா இல்லை; ஆகையால் இவை பட்டியலில் எப்போதும் பின்தங்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகில் ஓடந்துறை என்னும் ஊராட்சி உள்ளது. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் அதன் வருவாயை விழுங்கி வந்தது. ஊராட்சி ஒரு துணிவான முடிவெடுத்தது. தான் சேமித்த பணத்துடன் வங்கிக் கடனும் பெற்று, 2006-இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை வாங்கி நிறுவியது. காற்றாலை ஓடந்துறையில் இல்லை. அங்கு அவ்வளவு காற்று வீசாது. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் வெளியில் அது நிற்கிறது. அங்கு விளையும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்கிறது. ஊராட்சி பயன்படுத்தும் அளவு அதிலிருந்து கழிக்கப்படுகிறது. மிகுதி வாரியத்துக்கு விற்கப்படுகிறது. அவ்வருவாயிலிருந்தே கடன் தவணை கட்டப்பட்டது.

அப்பணத்தில் அன்றே ஒரு சமுதாயக் கூடம் கட்டியிருக்கலாம். கண்ணுக்கு முன்னே நின்றிருக்கும், திருமணங்கள் நடந்திருக்கும். பல கல் தொலைவில், ஊரார் பலர் நேரில் காணாத இடத்தில் சுழலும் ஒரு காற்றாலைக்காக ஊரை இசைய வைப்பதற்கு எத்துணை முறை கணக்கை விளக்க வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பழைய ஏரி வாரியம்

கணக்கை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, ஊர்ச் சபையின் தேர்தல் முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதற்குக் குடவோலை முறை என்று பெயர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே தனிக் குழு இருந்தது என்பதிலிருந்து, அவ்வூர் எதை முதலில் வைத்தது என்பது விளங்கும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். இன்றும் இது கடுமையான விதியே.

ஆனால் அக்குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வாய்ப்பு. ஏரி நீரில் உழுதவர் பலருக்கும், அந்நீரைக் குடத்தில் சுமந்த பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்த கிராம சபையில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஊரை விட்டு வந்தோர்

தில்லியிலும் புணேவிலும் நாகபுரியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து புறப்பட்டவை. சிலர் படிப்பினால் வந்தனர். சிலர் மாற்றலாகி வந்தனர். மழை பொய்த்ததால் வந்தவரும் உளர். கோடை விடுமுறையில் அவர்களுடைய பிள்ளைகள் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்கின்றனர். குழாயில் எப்போது நீர் வரும் என்று பாட்டி சொல்லக் கேட்கின்றனர். அந்நேரத்தில் அண்டாக்களை நிரப்ப உதவுகின்றனர்.

அவ்வூரின் கிராம சபையில் இவர்களின் பெற்றோர்க்கு இடம் உண்டா? சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவரே சபையின் உறுப்பினர். நகரத்தில் வாக்காளராகப் பதிந்துகொண்டவர், பிறந்த ஊரின் சபையில் உறுப்பினர் அல்லர். வீடு அங்கே இருக்கலாம். வீட்டுவரி அங்கே கட்டலாம். குலதெய்வம் அங்கே இருக்கலாம். எனினும், மோட்டாரா வளைவா என்று கேட்கும்போது கையுயர்த்த இயலாது. பணம் அனுப்புவோர் சிலர், தாம் விரும்பும் வேலைக்கென்று அனுப்புகின்றனர். ஊருக்கு அது உதவியே. ஆனால் தொலைவில் இருப்பவர் எண்ணும் தேவையும் அங்கேயே இருப்பவர் உணரும் தேவையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் வரும் பத்து நாள்களில் குழாயில் நீர் வந்துவிட்டால், குறையே இல்லை என்று தோன்றிவிடும். எஞ்சிய முந்நூற்று ஐம்பத்தைந்து நாள்களின் கணக்கு பாட்டிக்குத்தான் தெரியும்.

சொற்பொருள்

முன்னுரிமை – பலவற்றுள் ஒன்றை முதலில் செய்ய வேண்டியதாகக் கொள்ளுதல்
தன்னாட்சி – தம்மைத் தாமே ஆளுதல்
மழைமறைவுப் பகுதி – மலையால் மழை மறைக்கப்படும் நிலம்
மழைமானி – பெய்த மழையை அளக்கும் கருவி
கசிவுக் குளம் – நீரை நிலத்துள் இறங்கச் செய்வதற்காக அமைத்த குளம்
குடும்பு – சோழர் காலத்து ஊர்ப் பிரிவு
வாரியம் – குறித்த பணிக்கென அமைந்த குழு
நல்குதல் – கொடுத்தல்

பயிற்சி

1. ஊராட்சி மன்றத்துக்கும் கிராம சபைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஹிவரே பஜார் ஊரார் நீருக்கு முதலிடம் கொடுத்தது ஏன்? அவர்கள் எவற்றைக் கைவிட்டனர்?

3. "நிலத்தடி நீர் வேலி பார்த்து நிற்பதில்லை" – இத்தொடரின் பொருளை விளக்குக.

4. குடவோலை முறைக்கும் இன்றைய ஊராட்சித் தேர்தலுக்கும் இடையே உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை இரண்டும் எழுதுக.

5. நீங்கள் வாழும் மாநிலத்தில் ஊராட்சித் தலைவரை எப்பெயரால் அழைக்கின்றனர்? அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.

6. பாடத்தின் தொடக்கத்தில் வரும் ஊரின் வேலைகளுக்கு ஆகும் செலவு: மோட்டார் 3 இலட்சம், பள்ளிக் கழிப்பறை ஒன்றரை இலட்சம், சுடுகாட்டுப் பாதை மூன்றரை இலட்சம், தெருவிளக்குகள் 1 இலட்சம், சிமெண்டுச் சாலை 10 இலட்சம், வளைவு 5 இலட்சம். கையிருப்பு 8 இலட்சம். வகுப்பில் கிராம சபை கூட்டுக. கடைக்காரர், குழாயின் கடைக்கோடியில் வாழும் பெண், மாணவியின் தாய், இரவுப் பணியாளர், தந்தையை இழந்தவர், வெளியூர் இளைஞர் என ஒவ்வொருவராகப் பேசுக. முடிவைத் தீர்மானமாக எழுதுக. தள்ளிவைத்த வேலையைக் கேட்டவருக்கு நீங்கள் சொல்லும் விடையையும் அதன்கீழ் எழுதுக.

7. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அவ்வூர்க் குழாயில் கோடையில் எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் வருகிறது என்று தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு வருக.